கதவம்மாவும் நகர மன்றத்தின் இருமலும்

நகர மன்றக் கூடத்தின் கதவுக்கு நடுநிலை என்பது தெரியாது. திறந்தால் முழுதாகத் திறக்கும். கையை விட்டால் வெடி வெடித்தாற்போல அறைந்து சாத்தும். அறைந்த வேகத்திலேயே திரும்பி வந்து, ஒரு சாண் இடைவெளியில் நின்றுகொள்ளும். மழையில் ஊறியும் வெயிலில் காய்ந்தும் அதன் மரம் ஒருபுறமாக முறுக்கிக்கொண்டுவிட்டது. அதைச் செய்து கொடுத்தவர் மரக்கடை உறுப்பினருடைய தம்பி. புதிய கதவு வாங்கும் தீர்மானம் வந்தபோதெல்லாம் மரக்கடை உறுப்பினர் கண்ணியமாக எழுந்து வெளியே போனார், தீர்மானம் நிறைவேறியது, தம்பியிடமிருந்தே புதிய கதவு வந்தது, அதுவும் முறுக்கிக்கொண்டது. கதவை மாற்றுவதைவிட அதைப் பிடித்துக்கொள்ள ஓர் ஆளை வைத்துக்கொள்வது மேல் என்று மன்றம் கடைசியில் கண்டுகொண்டது. அந்த ஆள்தான் கதவம்மா.

பதிவேடுகளில் அவருடைய பதவி 'கூடப் பணியாளர்'. மேசைகளைத் துடைப்பது, தண்ணீர்க் குவளைகளை நிரப்புவது, தேநீர் கொண்டுவருவது, நிகழ்ச்சி நிரலின் ஒவ்வொரு பொருளும் முடிந்ததும் மணி அடிப்பது ஆகியவை அந்தப் பதவிக்குரிய கடமைகள். கதவைப் பிடிப்பது அவற்றுள் எங்கும் எழுதப்படவில்லை. ஆயினும் மற்ற வேலைகளில் பிழை நேர்ந்தால் யாரும் ஒரு சொல் சொன்னதில்லை. கதவில் பிழை நேர்ந்தால் மட்டும் தலைவரே புருவத்தை உயர்த்துவார். கதவம்மா நெட்டையான, ஒல்லியான பெண்மணி. வலக்கை மட்டும் இடக்கையைவிடச் சற்றுப் பருத்திருக்கும். "உன் சம்பளமெல்லாம் அந்தக் கையிலதான் போய்ச் சேருது," என்பார் அவருடைய கணவர்.

கணவரும் அதே வேலையில் இருந்தவர்தாம். கூடத்தின் உச்சி விளக்கை மாற்ற ஏணியில் ஏறியபோது, நடுப்படி முறிந்து கீழே விழுந்தார், இடுப்பெலும்பு உடைந்தது. ஏணி எந்தக் கடையிலிருந்து வந்தது என்று சொல்லத் தேவையில்லை. மன்றம் மனம் நெகிழ்ந்துபோயிற்று. இரங்கல் தீர்மானம் போடலாமென்று ஒருவர் எழுந்தார். ஆள் உயிரோடுதான் இருக்கிறார் என்று செயலர் நினைவூட்டியதும் அதை அனுதாபத் தீர்மானமாகத் திருத்திக்கொண்டார்கள். கணவரின் வேலை மனைவிக்கு வந்தது. உறவு என்னும் தகுதியால் அந்தக் கட்டடத்தில் வேலை பெற்றவர்களுள், அதை வெளியே சொல்லிக்கொள்ளக் கூடியவர் கதவம்மா ஒருவர்தாம்.

மன்றத்தின் விதிகளுள் ஒன்று மிக உயர்ந்த நோக்கமுடையது. எடுத்துக்கொள்ளும் பொருளில் உறுப்பினர் எவருக்கேனும் சொந்த நலன் இருந்தால், அவர் அதை எழுந்து அறிவித்துவிட்டு, அந்தப் பொருள் முடியும்வரை கூடத்துக்கு வெளியே இருக்க வேண்டும். தேனெடுத்தவன் புறங்கையை நக்காதிருக்க இதைவிட நல்ல வழி இல்லை என்று விதியை எழுதியவர்கள் நம்பியிருக்க வேண்டும். தொடக்கத்தில் வெளியே போகிறவருக்காகத் தாழ்வாரத்தில் ஒரே ஒரு மர நாற்காலி கிடந்தது. வகுப்பிலிருந்து வெளியேற்றப்பட்ட மாணவனைப் போல அதில் உட்கார உறுப்பினர்கள் கூசினார்கள். கூச்சம் நாளடைவில் தெளிந்தது. வெளியே போகிறவர் பொதுவாழ்வில் தூய்மையானவர் என்ற பேச்சு ஊரில் பரவியது. அடிக்கடி வெளியே போகிறவர் அடுத்த தேர்தலில் அதையே சொல்லி ஓட்டுக் கேட்டார். நாற்காலி போய்ச் சோபாக்கள் வந்தன, மின்விசிறி வந்தது, தேநீரும் பிஸ்கட்டும் வந்தன. உள்ளே அமர்ந்து ஊர்க் காரியம் பார்க்கிறவருக்கு மர இருக்கையும் தண்ணீரும், தன் காரியத்துக்காக வெளியே போனவருக்கு மெத்தையும் தேநீரும் என்று ஆயிற்று.

வெளியே போவது உடம்பு மட்டும்தான். கதவம்மா கைப்பிடியை எவ்வளவு இழுத்துப் பிடித்தாலும் விரலளவு இடுக்கு இருந்தே தீரும். அந்த இடுக்கின் வழியாகத் தாழ்வாரத்திலிருந்து ஓர் இருமல் கேட்டால் 'நிறைவேற்று' என்று பொருள். இரண்டு இருமல் என்றால் 'தள்ளிப்போடு'. இந்த ஏற்பாட்டை யாரும் யாருக்கும் கற்பிக்கவில்லை; நீருக்குப் பள்ளம் தெரிவதுபோல அது தானே அமைந்தது. ஒரு காது கூடத்திலும் ஒரு காது தாழ்வாரத்திலுமாக நின்ற கதவம்மாவுக்கு அது புரியக் கொஞ்ச காலம் ஆயிற்று. முதலில் அவர் உறுப்பினர்களின் நெஞ்சுக்கு இரங்கி வெந்நீர் காய்ச்சிக் கொடுத்தார். வெந்நீர் குடித்த பிறகும், தார்ச்சாலை, குப்பை லாரி, குழாய் என்று பொருள் மாற மாற இருமலும் ஆள் மாறி வந்ததைப் பார்த்துத்தான் விஷயம் விளங்கியது. அன்று வீட்டில் அதைச் சொன்னபோது கணவர் இடுப்பு வலிக்க வலிக்கச் சிரித்தார். "உங்க மன்றத்தைக் கலைக்க மேலிடத்துலேர்ந்து யாரும் வர வேணாம். ஆளுக்கு ஒரு ஸ்பூன் இருமல் மருந்து போதும்," என்றார்.

கதவையொட்டிய இருக்கை, ஓய்வு பெற்ற ஒரு கணக்கு வாத்தியாருடையது. சொந்தபந்தம் அதிகமில்லாதவர், ஆசையும் இல்லாதவர் என்று கேட்டறிந்து மக்கள் அவருக்கு ஓட்டுப் போட்டார்கள். தூக்கம் எப்படி என்று யாரும் விசாரிக்கவில்லை. கூட்டம் தொடங்கிய சற்று நேரத்தில் அவர் தலை மார்பில் சாய்ந்துவிடும். எதிர்ப்பைச் சொல்லாதவர் ஆதரிப்பவராகவே கொள்ளப்படுவார் என்பது மன்றத்தின் மரபு. ஆகவே சாலை, சாக்கடை, சோபா என எல்லாவற்றையும் அவர் ஆதரித்தவராகவே இருந்தார். அவருக்குச் 'சம்மதம் ஐயா' என்று பெயர் வந்தது இப்படித்தான்.

ஒரே ஒருமுறை, தெருவிளக்கு வாங்கும் பொருள் நடந்துகொண்டிருந்தபோது, கதவம்மாவின் கை வழுக்கிக் கதவு அறைந்துவிட்டது. சம்மதம் ஐயா திடுக்கிட்டு விழித்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு எதிரே இருந்த தாளைப் படித்தார். "இத்தனை விளக்கு வாங்கறீங்களே, மாட்டறதுக்கு இந்த ஊர்ல அத்தனை கம்பம் இருக்கா?" என்று கேட்டார். ஒரு கேள்வியின் வாலைப் பிடித்துக்கொண்டு அடுத்தது வந்தது. சாயங்காலம்வரை வந்துகொண்டேயிருந்தது. அந்த ஆண்டு தெருவிளக்கு வாங்கப்படவில்லை. கூட்டம் கலைந்ததும் தலைவர் கதவம்மாவைத் தம் அறைக்கு அழைத்தார்.

"வயசானவரும்மா. தூக்கம் கெட்டா உடம்புக்கு ஆகாது. மனிதாபிமானம்னு ஒண்ணு இருக்குல்ல?"

அன்றிலிருந்து கதவைப் பிடிப்பது மனிதாபிமானக் கடமை ஆயிற்று.

கதவம்மாவின் தெருக்கோடியில் நகர மன்றத்தின் சிறிய ஆஸ்பத்திரி ஒன்று இருந்தது. முன்னறையில் மருத்துவர்; பின்னறையில், இடுப்புயரத்தில் இணையாகப் பொருத்திய இரண்டு இரும்புக் கம்பிகள். கட்டிலோடு கிடந்த கணவர் மறுபடி நடக்கக் கற்றுக்கொண்டது அந்தக் கம்பிகளுக்கு நடுவேதான். பயிற்சி கொடுக்கும் பெண்ணை எல்லாரும் பயிற்சியம்மா என்று கூப்பிடுவார்கள். சிரிக்கவே தெரியாதவர், கையில் மட்டும் நல்ல பொறுமை. விடாமல் வந்தால் ஒரு வருஷத்தில் ஊன்றுகோலைத் தூக்கிப் போட்டுவிடலாம், நடுவில் விட்டால் மறுபடி கட்டில்தான் என்று அவர் தெளிவாகச் சொல்லியிருந்தார். கணவர் வாரத்தில் பாதி நாட்கள், சுவரையும் கோலையும் மாறி மாறிப் பிடித்துக்கொண்டு, தெருவின் நீளத்தை நடந்தே கடந்துபோய் வந்தார். அந்த நடையை வைத்துத்தான் வீட்டில் நாள் விடிந்தது.

அந்த மாதக் கூட்டத்துக்கான நிகழ்ச்சி நிரலை மேசைதோறும் வைத்துக்கொண்டே வந்தபோது ஒரு வரி கதவம்மாவின் கண்ணில் பட்டது. நகர மன்ற ஆஸ்பத்திரியை மூடுவதென்றும், கட்டடத்தைத் தனியார் பரிசோதனை மையம் ஒன்றுக்குக் குத்தகைக்கு விடுவதென்றும் அதில் இருந்தது. நோயாளிகள் ஊரின் மறுகோடியில் உள்ள தனியார் மருத்துவமனையில் 'நவீன வசதிகளைக் கட்டணம் செலுத்திப் பெற்றுப் பயனடைவர்' என்றும் இருந்தது. மையமும் மருத்துவமனையும் ஒருவருடையவை. அவர் தலைவருடைய மருமகன். ஊரே அவரை மாப்பிள்ளை என்றுதான் அழைக்கும். பெண் கொடுத்தவர் தலைவர், பராமரித்தது ஊர்.

கதவம்மா அந்தத் தாளைச் சம்மதம் ஐயாவின் மேசையில் வைக்கும்போது அதிக நேரம் எடுத்துக்கொண்டார்.

வீட்டில் கணவர் செய்தியைக் கேட்டுவிட்டுக் கோலைச் சுவரில் சாத்திவைத்தார். மறுகோடிக்குப் போக இரண்டு பஸ் மாற வேண்டும். பஸ் படியில் அவரால் இன்னும் ஏற முடியாது. ஏற முடிந்தாலும் போய்ச் சேரும் இடத்தில் கேட்கும் கட்டணம், கதவைப் பிடிக்கும் கைக்குக் கிடைக்கும் கூலியில் அடங்காது.

"யாரையாவது கேட்டுப் பாரேன். அத்தனை பேருக்கும் டீ கொடுத்திருக்கியே," என்றார் கணவர்.

கதவம்மா முதலில் மரக்கடை உறுப்பினரிடம் போனார். ஏணி விஷயத்தில் அவருக்கு மனத்தில் ஒரு மூலையாவது உறுத்தும் என்பது கணக்கு. உறுத்தத்தான் செய்தது. நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார்; கணவரின் இடுப்பை விசாரித்தார்; தலைவரை எதிர்த்து ஓட்டுப் போடுவது தண்ணீரில் இருந்துகொண்டு முதலையைப் பகைத்த கதையாகிவிடும் என்று விளக்கினார். பிறகு, பெரிய தியாகம் ஒன்றுக்குத் துணிந்தவர்போலக் குரலைத் தாழ்த்தினார்.

"உனக்காக ஒண்ணு பண்றேன். அன்னைக்கு நான் ஆதரிச்சு ஓட்டுப் போடல. எழுந்து வெளியே போயிடறேன். போதுமா?"

கதவம்மா கைகூப்பிவிட்டு மருந்துக்கடை அம்மாவிடம் போனார். அவர் மன்றத்தின் துணைத் தலைவர். ஆஸ்பத்திரிக்கு எதிரில்தான் அவருடைய கடை. ஆஸ்பத்திரி மூடினால் கடைக்கும் கூட்டம் வராதே என்று கதவம்மா எடுத்துச் சொன்னார். மருந்துக்கடை அம்மா அதற்குக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. கதவம்மாவின் தோளைத் தட்டி, உனக்காக அந்தப் பொருளில் நான் கலந்துகொள்ளவே மாட்டேன், வெளியே போய்விடுகிறேன் என்று வாக்குக் கொடுத்தார். மூன்றாவதாகப் பார்த்த உறுப்பினரும் அதையே சொன்னார். கதவம்மா தெம்போடு வீடு திரும்பினார்.

"மூணு ஓட்டு குறைஞ்சாச்சுங்க."

கணவர் மோவாயைச் சொறிந்தார். "எல்லாரும் உனக்காகவா வெளியே போறாங்க? நீ என்ன அவ்வளவு பெரிய ஆளா?"

அந்தக் கேள்விக்கு விடை கூட்டத்தன்று கிடைத்தது.

அன்றைக்கு மன்றம் வழக்கத்தைவிட அடக்கமாக இருந்தது. அதற்குக் காரணம் உண்டு. பக்கத்து ஊர் மன்றத்தில் சொந்த நலனை அறிவிக்காமல் மறைத்த ஒருவரின் பதவியை மேலிடம் பறித்திருந்தது. செய்தித்தாளில் அவர் முகத்தைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டு போகும் படமும் வந்திருந்தது. அந்தப் படத்தை உறுப்பினர்கள் எல்லாரும் பார்த்திருந்தார்கள்.

செயலர் பொருளைப் படித்தார். தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "இதில் எவருக்கேனும் சொந்த நலன் உண்டா?" என்று கேட்டார், கேட்டுவிட்டுத் தாமே எழுந்தார். தம் மருமகன் தொடர்புடைய பொருளில், தாம் ஒரு கணமும் உள்ளே இருப்பது நெறியாகாது என்றார். மேசைகள் தட்டப்பட்டன. அவர் கதவைத் தாண்டும்போது கதவம்மாவின் பக்கம் குனிந்து, "கெட்டியாப் பிடிச்சுக்கம்மா. ஐயா தூங்கட்டும்," என்றார். சம்மதம் ஐயா ஏற்கெனவே தூங்கியிருந்தார்.

தலைவர் நாற்காலிக்கு மருந்துக்கடை அம்மா வர வேண்டும். அவர் வரவில்லை, எழுந்து நின்று, தமக்கும் சொந்த நலன் உண்டு என்றார். அவர் பாதி வழி வருவதற்குள் மரக்கடை உறுப்பினர் எழுந்தார். அவரைப் பார்த்து வியந்தபடியே அடுத்தவர் எழுந்தார். பிறகு வரிசை வரிசையாக இருக்கைகள் கிரீச்சிட்டன. எழுந்த ஒவ்வொருவர் முகத்திலும் முதலில் கடமையுணர்ச்சி இருந்தது. திரும்பிப் பார்த்ததும் அது குழப்பமாயிற்று. கதவருகே நெரிசலில் ஒருவர் தோளை ஒருவர் இடித்துக்கொண்டபோது கோபமாயிற்று. கடைசி ஆள் வெளியேறியதும் கதவம்மா கைப்பிடியை இழுத்துப் பிடித்தார். கூடத்தில் எஞ்சியவர்கள் செயலர், சம்மதம் ஐயா, கதவைப் பிடித்த கை.

நடந்தது இதுதான் என்பது தாழ்வாரப் பேச்சிலிருந்து தெரிந்தது. மாப்பிள்ளை வீடு வீடாகப் போயிருக்கிறார். பரிசோதனை மையத்தில் ஒரு சிறு பங்கை, உறுப்பினர் பெயரில் அல்லாமல் மனைவி, மச்சான், மாமியார் பெயரில் எழுதிக் கொடுத்திருக்கிறார். இது உங்களுக்கு மட்டும்தான், வெளியே மூச்சுவிட வேண்டாம் என்று ஒவ்வொருவரிடமும் சொல்லியிருக்கிறார். யாரும் மூச்சுவிடவில்லை. மன்ற வரலாற்றில் உறுப்பினர்கள் முழுமையாகக் காப்பாற்றிய வாக்குறுதி இது ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். தாம் ஒருவர் மட்டும் யோக்கியமாக வெளியே போய்விட்டால் மிச்சப் பேர் நிறைவேற்றிவிடுவார்கள் என்று ஒவ்வொருவரும் நம்பியிருந்தார்கள்.

"உங்களுக்குமா?" என்று மரக்கடை உறுப்பினரின் குரல் இடுக்கின் வழியாகக் கேட்டது.

"மாமியார் பேர்ல," என்றார் மருந்துக்கடை அம்மா. "எனக்கு மட்டும்னுதான் சொன்னான்."

"எனக்கும் எனக்கு மட்டும்னுதான் சொன்னான்."

"என் மாப்பிள்ளை இவ்வளவு தாராள மனசுக்காரர்னு எனக்கே இன்னைக்குத்தான் தெரியுது," என்ற தலைவரின் குரலில் பெருமை இல்லை.

யாருக்கு எவ்வளவு என்ற விசாரணை தொடங்கி, சோபாவில் இடம் போதாத சண்டையோடு கலந்து, பிஸ்கட் தட்டு கவிழும்வரை போயிற்று. அப்போதுதான் ஒருவருக்கு உறைத்தது. உள்ளே யார் இருக்கிறார்கள் என்று கேட்டார். சம்மதம் ஐயா என்றார்கள். தூங்குகிறாரா என்றார். தூங்குகிறார் என்றார்கள். தாழ்வாரம் முழுவதும் பெருமூச்சு விட்டது. மிஞ்சியிருப்பவர் ஒருவரே ஆயினும் தீர்மானம் செல்லும் என்று, சோபா வாங்கிய ஆண்டில் மன்றமே ஒரு விதி செய்துவைத்திருந்தது. தூங்குபவர் எதிர்க்கப்போவதில்லை, எதிர்க்காதவர் ஆதரிப்பவர். அவருக்கு மட்டும் மாப்பிள்ளை பங்கு கொடுக்கவில்லை. அழுத பிள்ளைதான் பால் குடிக்கும். சம்மதம் ஐயா ஒருநாளும் அழுததில்லை.

உள்ளே செயலர், பக்கத்து அறையில் நோயாளி இருப்பதுபோன்ற மெல்லிய குரலில், மரபுப்படி மூன்று முறை கேட்க வேண்டியதைக் கேட்கத் தொடங்கினார்.

"எதிர்ப்பவர் உண்டா?"

சம்மதம் ஐயாவின் மூச்சு சீராக வந்தது. கதவம்மா கைப்பிடியைப் பற்றிய தன் கையைப் பார்த்தார். இந்தக் கையால்தான், இந்தப் பிடியால்தான், தெருக்கோடியின் கம்பிகள் பிடுங்கப்படப்போகின்றன என்பது அவருக்குப் புரிந்தது. சம்மதம் ஐயாவின் தோள் எட்டும் தூரத்தில் இருந்தது. தொட்டு எழுப்பிவிடலாம். ஆனால் தொட்டு எழுப்பினால், தன் காரியத்துக்காக ஓர் உறுப்பினரைத் தூண்டியதாகும். வெளியே இருமுகிறவர்களுக்கும் அவருக்கும் என்ன வேறுபாடு? அந்த யோசனை அவரைத் தடுத்தது.

"எதிர்ப்பவர் உண்டா?" என்றார் செயலர் இரண்டாம் முறை.

"ஐயா, ஒரு நிமிஷம்," என்றார் கதவம்மா.

செயலர் நிமிர்ந்து பார்த்தார். ஓய்வு பெற இருந்தவர்; அவருடைய ஓய்வூதியத் தாளில் தலைவர் கையெழுத்திட வேண்டும்; ஆகவே வெகுநாட்களாக எதையும் நிமிர்ந்து பார்க்காதவர்.

"எனக்கும் இந்தப் பொருள்ல சொந்த நலன் இருக்குங்க. அந்த ஆஸ்பத்திரியிலதான் எங்க வீட்டுக்காரர் நடக்கப் பழகிட்டு வர்றாரு. நான் இங்க நிக்கலாமுங்களா?"

அந்தக் கூடத்தில் எத்தனையோ பேர் எத்தனையோ முறை சொன்ன சொற்கள்தாம் அவை. நடுங்கும் குரலில் ஒருவர் சொல்லிச் செயலர் கேட்பது அதுவே முதல் முறை. அவர் கதவைப் பார்த்தார், கைப்பிடியைப் பார்த்தார், சாய்ந்த தலையைப் பார்த்தார். தம் ஓய்வூதியத்தையும் நினைத்திருப்பார். பிறகு மறுபடி தாளின் மேல் குனிந்துகொண்டார்.

"விதி உறுப்பினர்களுக்குத்தாம்மா. ஆனா மனசாட்சிக்காகப் போறவங்களைத் தடுக்க எனக்கு அதிகாரம் இல்ல. போறதுன்னா போ." சற்று நிறுத்தி, "கதவைப் பிடிக்கச் சொல்லி என்னைக் கேக்காதே. என் கையில பேனா இருக்கு," என்றார்.

கதவம்மா வெளியே போனார். நாற்பது பக்க விதிப்புத்தகத்தை எழுத்துக்கு எழுத்துக் கடைப்பிடிப்பவரைப் போல நேராக நடந்து, வாசலைத் தாண்டி, கையை விட்டார்.

கதவு அறைந்த ஓசையில் தாழ்வாரத்தின் தேநீர்க் குவளைகள் அதிர்ந்தன. தலைவர் சோபாவிலிருந்து எழுந்தேவிட்டார். கதவு திரும்பி வந்து, ஒரு சாண் இடைவெளியில், தன் வழக்கப்படி நின்றது. உள்ளே இருக்கை கிரீச்சிட்டது.

"என்ன சத்தம்? எங்கய்யா எல்லாரும்?" என்று தூக்கம் கலையாத குரல் கேட்டது.

"வெளியே இருக்காங்க, ஐயா. சொந்த நலன்."

"யாருக்கு?"

"எல்லாருக்கும்."

கண்ணாடி துடைக்கும் நேரம் கழிந்தது. தாள் புரளும் ஓசை வந்தது. நிலைமையைக் காப்பாற்றும் பொறுப்பு தம்முடையது என்று தலைவர் உணர்ந்திருக்க வேண்டும். இடைவெளியை நோக்கி முகத்தைத் திருப்பி, தெளிவாக, ஒருமுறை இருமினார்.

உள்ளே பதிலில்லை. இருமலின் இலக்கணம் உருவான காலமெல்லாம் சம்மதம் ஐயா தூங்கிக்கொண்டிருந்தார் என்பதை யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. மரக்கடை உறுப்பினர் இருமினார். மருந்துக்கடை அம்மா இருமினார். ஓர் இருமல் போதாதென்று கருதியவர்கள் சேர்ந்து இருமினார்கள். பதில் வராததால் அடுத்தவர் இன்னும் உரக்க இருமினார். பின்வரிசையிலிருந்தவர்கள் முன்வரிசைக்கு நெருக்கியடித்து வந்து இருமினார்கள். பதற்றத்தில் ஒருவருக்குத் தேநீர் புரையேறி, அவர் மட்டும் உண்மையாகவே இருமினார். தாழ்வாரம் முழுதும் ஒரே ஓயாத இருமலாயிற்று. மாப்பிள்ளைக்காகத் தொடங்கிய இருமல், போகப் போக யாருக்காக என்பது தெரியாமல், விட்டால் தோற்றுவிடுவோம் என்ற வெறியில் நடந்தது.

இடைவெளியில் சம்மதம் ஐயாவின் முகம் தெரிந்தது. எழுந்து கதவுவரை வந்திருந்தார். நெற்றியைச் சுருக்கி ஒவ்வொருவராகப் பார்த்தார். உள்ளே திரும்பிச் செயலரிடம் சொன்னது எல்லாருக்கும் கேட்டது.

"ஊர்ப் பெரியவங்க அத்தனை பேருக்கும் நெஞ்சுல சளி கட்டியிருக்கு. இந்த லட்சணத்துல இருக்கற ஒரு ஆஸ்பத்திரியையும் மூடச் சொல்றீங்களா? எதிர்க்கிறேன். எழுதிக்கோங்க."

செயலர் எழுதிக்கொண்டார். மணியடிக்கக் கதவம்மா உள்ளே இல்லாததால் அவரே எழுந்துபோய் மணியை அடித்தார். தேவைக்கு ஒன்றிரண்டு முறை அதிகமாகவே அடித்ததாகக் கதவம்மாவுக்குத் தோன்றியது.

மறுநாள் தலைவர் அறையில் விசாரணை நடந்தது. கதவை ஏன் விட்டாய் என்று கேட்டார்கள். கதவம்மா தரையைப் பார்த்துக்கொண்டு, "எல்லாரும் நியாயமா வெளியே போகும்போது நான் மட்டும் உள்ளே நின்னா நல்லா இருக்காதுங்களே," என்றார். அதில் கேலி இருந்ததா என்று தலைவர் அவர் முகத்தை உற்றுப் பார்த்தார், கண்டுபிடிக்க முடியவில்லை. வேலையிலிருந்து நீக்கக் குற்றப்பத்திரம் எழுதுமாறு செயலருக்கு உத்தரவாயிற்று. செயலர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு பணிவாக ஓர் ஐயத்தைக் கேட்டார். கதவைப் பிடிக்கவில்லை என்று எழுதினால், ஏன் பிடிக்க வேண்டும் என்று மேலிடம் கேட்கும். உறுப்பினர் தூங்குவதற்காக என்று எழுதலாமா? தலைவர் நீண்ட நேரம் மின்விசிறியைப் பார்த்தார். பேனா மூடப்பட்டது. பதிலாக, புதிய கதவு ஒன்று வாங்கலாமென்று தீர்மானம் கொண்டுவந்தார்கள். மரக்கடை உறுப்பினர் எழுந்து வெளியே போனார். கதவம்மா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். தாழ்வாரத்திலிருந்து ஓர் இருமல் கேட்டது.

ஒருமுறை தோற்ற பொருளை ஒரு வருஷத்துக்குள் மறுபடி கொண்டுவரக் கூடாது என்பதும் மன்றத்தின் விதி. அதை மாற்றலாமா என்று பார்த்தார்கள். மாற்றுவதற்கும் ஒரு வருஷம் ஆகும் என்று செயலர் சொன்னார். மாப்பிள்ளை கையில் பங்குப் பத்திரத்தோடு சம்மதம் ஐயாவின் வீட்டுக்கு நடையாய் நடந்தார் என்று ஊரில் பேச்சு. போகும்போதெல்லாம் அந்த வீட்டம்மா வாசலிலேயே மறித்து, தூங்குகிறார், எழுப்பினால் உடம்புக்கு ஆகாதென்று உங்கள் மாமனாரே சொல்லியிருக்கிறார் என்று திருப்பி அனுப்பினாராம்.

ஒரு விடுமுறை நாளில் கதவம்மாவும் கணவரோடு ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார். பின்னறைக் கம்பிகளுக்கு நடுவே கணவர் நின்றார். கோல் சுவரோரம் சாத்தியிருந்தது. இரண்டு கைகளையும் கம்பியிலிருந்து எடுங்கள் என்று பயிற்சியம்மா சொன்னார். கணவர் இடக்கையை எடுத்தார். வலக்கை எடுபடவில்லை, கம்பியை இறுகப் பற்றியிருந்தது.

"விழுந்துடுவேன்," என்றார்.

கதவம்மா கம்பியின் மறுமுனையில் நின்றிருந்தார்.

"விடுங்க. மிஞ்சி மிஞ்சிப் போனா கொஞ்சம் சத்தம் வரும். அவ்வளவுதான்."

கணவர் கையை விட்டார்.